காதுக்கு ஆட்குறைப்பு

மம்பாவ் வட்டாரத்து ரசிகப் பெருமக்களுக்கு ஒரு நற்செய்தி. இனிமேல் நீங்கள் ஒரு பாட்டைக் கேட்டு, பிடித்திருக்கிறதா இல்லையா என்று யோசித்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த வேலைக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஸ்டாக்ஹோமில் ஒரு அலுவலகம், மும்பையில் ஒரு அலுவலகம், சென்னையில் குளிரூட்டிய அறை ஒன்று. உங்களுக்கு இந்த வாரம் என்ன பிடிக்கும் என்பதை அவர்களே முடிவு செய்து அனுப்பிவிடுகிறார்கள். சனிக்கிழமை இரவு கல்யாண மண்டபத்தில் எழுந்து நின்று கையைத் தூக்க வேண்டியது மட்டும்தான் உங்கள் பங்கு.

ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும், செம்பனையை அழித்துத் தாமான் கட்டியபோதும், ஆட்குறைப்பு என்று ஆபீஸ் சுவரில் ஒரு நோட்டீசாவது ஒட்டினார்கள். காதை வேலையிலிருந்து நிறுத்தியபோது அந்த மரியாதைகூட இல்லை.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகிற சாலையோரம் ஏதாவது ஒரு விருந்து மண்டபத்தில் நுழைந்து பாருங்கள். மேடையின் ஒரு பக்கம் மாப்பிள்ளையும் பெண்ணும். மறுபக்கம் ஆளுயர ஒலிபெருக்கிகளுக்கு நடுவில் ஒரு டிஜே. அவர் முன்னால் மடிக்கணினி, பொத்தான் பொத்தானாக ஒரு கருவி, பச்சையும் ஊதாவுமாகச் சுற்றும் விளக்கு. ஒரு காலத்தில் எந்தக் கேசட்டில் எந்தப் பக்கத்தில் எத்தனையாவது பாட்டு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய மாமா ஒருவர் எழுந்து போய் அவர் காதில் கத்துகிறார்: "டிரெண்டிங்ல உள்ளத போடு தம்பி!" பாட்டின் பெயர் கேட்கவில்லை, பாடியவர் பெயரும் கேட்கவில்லை. ஊரெல்லாம் எதற்கு ஆடுகிறதோ அதற்கே தானும் ஆட வேண்டும் என்கிறார். ஊரும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தில் நம் பாட்டன் காலத்து மனிதர் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கங்காணி. தோட்டத்துத் துரை அவரிடம் லைசென்சும் செலவுக்குப் பணமும் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். அவர் சலவை வேட்டியும் சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரமுமாகப் போய்ச் சேரியில் இறங்கி, மலாயாவில் மரத்தைக் கீறினால் காசு என்பார். இலங்கைக்கு ஆள் பிடித்த கங்காணி இன்னும் ஒரு படி மேல். தேயிலைத் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்றார். நம் இனத்தின் தலையில் கட்டப்பட்ட முதல் விளம்பரம் அதுதான். விளம்பரச் செலவு துரையுடையது, கடன் கூலியுடையது. ஆள் வந்து சேர்ந்த பிறகும் கங்காணியின் வரும்படி நிற்கவில்லை. தினமும் பெரட்டுக்கு எத்தனை தலை வந்ததோ அத்தனை தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்குக் கூலி அனுப்புவதை நிறுத்தியது. கங்காணி ஒழிந்தார் என்று வரலாற்றுப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள்.

எங்கே ஒழிந்தார்? வேட்டியை அவிழ்த்துவிட்டு ஜீன்ஸ் மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். இப்போது அவர் பெயர் பிளேலிஸ்ட் எடிட்டர், டிஜிட்டல் மார்க்கெட்டிங் மேனேஜர், இன்ஃப்ளுயன்சர். ஆள் பிடிப்பதுதான் தொழில், பிடிபடுவது காது.

இணையம் வழியாகப் பாட்டுக் கேட்கவைக்கும் ஸ்போட்டிஃபை 2013இல் மலேசியாவுக்குள் வந்தது. 2020இல் அது ஒரு புதிய ஏற்பாட்டை அறிவித்தது. 'டிஸ்கவரி மோட்' என்று பெயர், கண்டுபிடிப்பு முறை என்று அர்த்தமாம். இசை நிறுவனம் தன் பாட்டு ஒன்றைக் காட்டி, இதை ஆட்களின் காதில் கூடுதலாகப் போடுங்கள் என்று கேட்கலாம். முன்பணம் வேண்டாம். அப்படிப் போட்ட இடங்களில் அந்தப் பாட்டுக்குச் சேர வேண்டிய உரிமத்தொகையில் 30 விழுக்காட்டை ஸ்போட்டிஃபை பிடித்துக்கொள்ளும். கேட்கிற உங்களுக்கு, இந்தப் பாட்டு இப்படித்தான் வந்தது என்று பாட்டின் மேல் எந்தச் சீட்டும் ஒட்டியிருக்காது. 'உங்களுக்காக' என்று மட்டும் போட்டிருக்கும். பிடித்த ஆளுக்குத் தலைக்காசு, பிடிபட்டவனுக்கு அது தெரியாது. கங்காணி முறையை ஒழித்தவர்கள் அதன் கணக்குப் புத்தகத்தை எரிக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

இதே ஸ்போட்டிஃபையில் சுவீடன்காரர் ஒருவர் 650க்கும் மேற்பட்ட பெயர்களில் மெட்டுகளை ஏற்றி 1,500 கோடி முறை கேட்க வைத்திருக்கிறார் என்று அந்நாட்டு நாளிதழ் தாகென்ஸ் நீஹெத்தர் 2024இல் வெளியிட்டது. யோஹான் ரோர் என்பது அவர் பெயர். மனத்துக்கு இதமான, தூக்கத்துக்கு ஏற்ற, ஒருவருக்கும் நினைவில் நிற்காத இசை. பெரட்டில் ஒரே ஆள் 650 பெயருக்கு 'ஆஜர் ஐயா' சொன்னால் கிராணி அன்றைக்கே வேலையை இழந்திருப்பார். இங்கே அதற்குப் பெயர் வெற்றி.

"நல்ல பாட்டு எப்படியும் வெளியே வந்துவிடும்" என்று ஒரு வேதாந்தம் நம்மிடம் உண்டு. பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்பார்கள். இந்த வேதாந்தத்தைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு. பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்களை 14,341 பேர் முன் வைத்தார்கள். ஒரு கூட்டத்துக்குப் பாட்டு மட்டும். மற்றவர்களை எட்டு உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எண்ணைப் பார்த்ததும் காது படுத்துவிட்டது. எண்ணைக் காட்டாத கூட்டத்தில் 26ஆம் இடத்தில் நின்ற ஒரு பாட்டு, ஒரு உலகத்தில் முதலிடம் பிடித்தது, இன்னொரு உலகத்தில் 40ஆம் இடத்துக்கு விழுந்தது. பாட்டு ஒன்றே, ஒரு சுரமும் மாறவில்லை. மிக நல்லது முற்றிலும் தோற்பது குறைவு, மிக மோசமானது ஜெயிப்பதும் குறைவு என்பது உண்மைதான். நடுவில் கிடக்கிற பெருங்கூட்டத்துக்கு, யார் முதலில் கை தட்டினார் என்பதே தலையெழுத்து. முதல் கைதட்டலைக் காசுக்கு விற்கிற கடைகள் இருக்கும் உலகத்தில் இந்த முடிவுக்கு என்ன அர்த்தம் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

மின்னிசைக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். பாடகி என்றால் குரல் இருக்கிறதா இல்லையா என்று டீக்கடைக்காரர்கூடச் சொல்லிவிடுவார். மின்னிசையில் மேடையில் நிற்பவர் என்ன செய்கிறார் என்பதே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. நாங்கள் எல்லோரும் பிளே பொத்தானைத்தான் அழுத்துகிறோம் என்று கனடாவின் மின்னிசைக்காரர் டெட்மவ்ஸ் 2012இல் வெளிப்படையாகவே எழுதினார். அதற்காகக் கூட்டம் கலைந்துவிடவில்லை. கையில் என்ன வேலை நடக்கிறது என்று தெரியாத இடத்தில், தலைக்கு மேல் எவ்வளவு பெரிய திரை வைத்திருக்கிறார்கள் என்பதை வைத்துத்தானே எடை போட முடியும்?

சரண்ஜித் சிங் கதை தெரியுமா? பம்பாய் சினிமாவில் பிறர் பாட்டுக்கு வாசித்துப் பிழைத்த மனிதர். 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் புதிய கருவிகள் மூன்றை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். எச்.எம்.வி. வெளியிட்டது. யாரும் சீண்டவில்லை. அவர் பயன்படுத்திய டிபி-303 என்ற சின்னப் பெட்டியும் அப்படித்தான் தோற்றது. கிட்டார்காரர்களுக்குத் துணையாக பாஸ் வாசிக்கச் செய்த பெட்டி அது. விற்காமல் 1984இல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் விலைக்கு வந்த அந்தப் பெட்டியைச் சிகாகோவில் கறுப்பின இளைஞர்கள் எடுத்து முறுக்கியதில் பிறந்ததுதான் ஆசிட் ஹவுஸ் என்ற மின்னிசை வகை. 1987இல் ஃப்யூச்சர் குழு போட்ட தட்டு அதன் தொடக்கம் என்பார்கள். பிறகு நெதர்லாந்துக்காரர் ஒருவர் டில்லிக் கடையொன்றில் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கண்டெடுத்து 2010இல் மறுபடி வெளியிட்டார். சிகாகோவுக்கு ஐந்து ஆண்டு முன்னாலேயே ஆசிட் ஹவுஸ் என்று ஒரு வரி எழுதினார்கள். அவ்வளவுதான், மேதை! எழுபதைக் கடந்த வயதில் அவரை ஐரோப்பிய மேடைகளில் ஏற்றினார்கள். 2015இல் இறந்துபோனார்.

28 ஆண்டுகளில் அந்தத் தட்டில் என்ன மாறியது? பள்ளம் அதே பள்ளம், பைரவி அதே பைரவி. மாறியது அதைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரி. அந்த வரி இல்லாமல் 1982இல் கேட்டவர்களுக்குக் காது இல்லை என்றும், வரியைப் படித்துவிட்டு 2010இல் கேட்டவர்களுக்குக் காது முளைத்தது என்றும் நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

இதெல்லாம் வடநாட்டுக் கதை, வெள்ளைக்காரன் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். இதற்குத்தான் எனக்குக் கோபம்.

2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. ராப் பாடகர் அறிவு, பாடகி தீ, இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது ஏ.ஆர். ரஹ்மான் துணை நின்ற மாஜ்ஜா என்ற இசை நிறுவனம். ஒப்பாரியும் மின்னிசைத் தாளமும் கலந்த பாட்டு. அதன் உள்ளே இருப்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய தலைமுறையைச் சேர்ந்தவர். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவனுக்கு அந்த மண்ணில் ஒரு சாணும் கிடையாது என்கிற வயிற்றெரிச்சல் அந்தப் பாட்டு. ரந்தாவிலும் சிலியாவிலும் லுக்குட்டிலும் மம்பாவிலும் அதைக் கேட்டவர்களுக்குத் தேயிலை என்பது பால்மரமாகத்தான் காதில் விழுந்திருக்கும். தோட்டம் விற்றுப்போய், லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி, அதே இடத்தில் வீடமைப்புத் திட்டத்தின் வண்ணப் பலகை முளைத்ததைப் பார்த்தவர்கள் நாம். பலகையில் சிரிக்கிற குடும்பத்தில் நம் சாயலில் ஒரு ஆள் உண்டா என்று தேடிப் பார்த்தவர்களும் நாம்தான்.

பாட்டு பல கோடி முறை பார்க்கப்பட்டது. பிரான்சின் டிஜே ஸ்நேக் அதை ரீமிக்ஸ் செய்தார். 'லீன் ஆன்' புகழ் மின்னிசைக்காரர், முன்பே ஹைதராபாத் வந்து 'மெஜெந்தா ரிட்டிம்' படம் பிடித்துக்கொண்டு போனவர். அவரைக் குற்றம் சொல்லவில்லை, அவர் தொழில் அது. நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஸ்போட்டிஃபை பலகை எரிந்தது. அதில் டிஜே ஸ்நேக் இருந்தார், தீ இருந்தார், அறிவு இல்லை. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் கனடாவின் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். அங்கும் அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் முதலானோர் சத்தம் போட்ட பிறகு அறிவுக்கு ஒரு டிஜிட்டல் அட்டை கிடைத்தது. காகிதம் தீர்ந்துவிட்டது போலும். 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு அறிவு இல்லாமலே பாடப்பட்டது. அவர் ஊரில் இல்லை என்றார்கள், விளக்கங்கள் வந்தன. மெட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று அறிவு ஒன்று சொன்னார், சந்தோஷ் நாராயணன் வேறொன்று சொன்னார். அந்த வழக்குக்கு நான் நீதிபதி இல்லை. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இன்னொன்றும் சொன்னார்: அந்தப் பாட்டிலிருந்து தங்கள் யாருக்கும் ஒரு காசு வரவில்லை.

பார்த்தீர்களா, நேர்த்தியை? உழைத்தவன் பெயர் பலகையில் இல்லை என்று அழுகிற பாட்டை எடுத்து, பெயர் இல்லாத பலகை வைத்தே விற்றார்கள். பாட்டு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொண்டது. இதைவிடச் சிறப்பாக எந்த அங்கதக்காரனாலும் எழுத முடியாது. நான் என் பேனாவை மூடிவிடலாம்.

பலகை வைத்தவனுக்கு நம்மேல் பகையில்லை. அறிவின் முகத்தை விட டிஜே ஸ்நேக்கின் முகம் நியூயார்க்கில் விலை போகும் என்று ஒரு கணக்குச் சொன்னது, அவன் கேட்டான். துரைக்கும் நம் தாத்தாமேல் பகையில்லை. ரப்பருக்கு லண்டனில் என்ன விலை என்பதே அவர் கவலை. பகையில்லாமல் நம்மைத் துடைத்துப் போடுகிறவர்களிடம் சண்டை போடுவதுதான் எவ்வளவு கஷ்டம்! மன்னிப்பு கேட்கக்கூட அவர்களிடம் ஒரு ஆள் இல்லை. எல்லாம் சிஸ்டம் செய்கிறது என்பார்கள்.

வெளியூர்க்காரனைத் திட்டியது போதும். உள்ளூர்க் கங்காணிகளும் நம் காதுமே மிச்சம் இருக்கின்றன.

யோகி பி, நட்சத்ரா குழுவோடு 'வல்லவன்' இசைத்தொகுப்பைப் போட்டது 2006இல். கோலாலம்பூர்த் தமிழ்ப் பையன்கள் ராப்பையும் மின்தாளத்தையும் தமிழுக்குள் இழுத்து வந்தார்கள், நன்றாகவே இழுத்தார்கள். அப்போதே அதை வீட்டில் ஒலிக்கவிட்டால் "என்னடா சத்தம் இது" என்ற அதே பெரியவர்கள், 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பியின் குரல் கேட்டதும் "நம்ம மலேசியாப் பையன்!" என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள். நடுவில் என்ன நடந்தது? சென்னையில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். பால் இங்கே வடிந்தாலும் தரம் வெளியூரில்தான் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. சென்னைக்காரன் நியூயார்க் பலகையைப் பார்க்கிறான், நாம் சென்னைக்காரன் வாயைப் பார்க்கிறோம். நியூயார்க்காரன் எதைப் பார்க்கிறான்? எண்ணைப் பார்க்கிறான். எண்ணைப் போடுவது யார்? மேலே படித்ததுதான்.

இந்தப் பக்கத்துத் தாமான் வீடு ஒன்றின் மேல்மாடி அறையில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தாமானிலும் இருக்கிறான். பகலில் செனவாங் தொழிற்சாலையில் ஷிப்ட், இரவில் எஃப்எல் ஸ்டூடியோ என்ற இசை மென்பொருள். கோயில் திருவிழாவில் தன் கைப்பேசியில் பதிந்த உறுமி மேளத்தை வெட்டி, நீட்டி, கீழ்ச்சுருதிக்கு இறக்கி, அதன் மேல் மின்தாளம் போடுகிறான். உறுமியின் அந்த உராய்வுச் சத்தம் டிபி-303இன் முறுக்கலுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை என்பது என் அபிப்பிராயம். இதைச் சொல்ல ஐரோப்பியச் சான்றிதழ் எனக்கு வேண்டாம். பையன் பாட்டை ஏற்றுகிறான். மாமா மகன், மச்சான், ஷிப்ட் கூட்டாளிகள் எல்லோரும் கேட்டும் 900 முறைதான் ஆகிறது. 2024 முதல் ஸ்போட்டிஃபை விதி என்ன தெரியுமா? ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாவிட்டால் ஒலிப்பதிவுக்கான உரிமத்தொகை ஒரு காசும் கிடையாது. அந்தக் காசு ஆயிரத்தைத் தாண்டியவர்களின் பானைக்குப் போகும். இலங்கைத் தோட்டத்தில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போட்டு அரைக்கூலி கொடுப்பார்கள். அதைக் கொடுமை என்று சங்கம் வைத்துப் போராடினோம். இங்கே கொழுந்தையும் எடுத்துக்கொண்டு பேரையே போடுவதில்லை, நாம் மாதச் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறோம்.

விளம்பரமே பாவம் என்று நான் சொல்லவில்லை. துண்டறிக்கை அடிக்காமல் எந்தக் கோயிலிலும் திருவிழா நடந்ததில்லை. கடைக்காரன் கூவட்டும், கூவுவது அவன் உரிமை. கூவுகிறவனைச் சாமி அருள் வாக்கு என்று நம்ப வைப்பதுதான் அயோக்கியத்தனம். மீன் விற்கிறவன் "மீன்" என்று கூவுகிறான். இவர்கள் "உங்களுக்குப் பிடித்தது" என்று கூவுகிறார்கள்.

நம் வானொலிகளும் தொலைக்காட்சியும் உள்ளூர்ப் பாட்டைப் போடுகின்றன, போடவில்லை என்று சொல்லமாட்டேன். உள்ளூர்க் கலைஞர் நேரம் என்று ஒரு பாத்தி கட்டி அதற்குள் போடுகிறார்கள். சென்னைப் பாட்டுக்குப் பாத்தி கிடையாது, அது காடு முழுவதும். நேயர் விருப்பம் என்றால் நேயர் சினிமாவைத்தான் விரும்புகிறார் என்பார்கள். முந்நூறு தடவை போட்டதை நேயர் விரும்புவதில் என்ன அதிசயம்? மீதியை அவர் கேட்டே இருக்கமாட்டாரே.

கோயில் கமிட்டி ஐயாக்களே, மன்றத் தலைவர்களே, மண்டபத்தில் வரவேற்பு வைக்கிற பெண்வீட்டாரே, உங்களிடம் ஒரு கேள்வி. அடுத்த விழாவுக்கு வரவு செலவு போடும்போது பந்தலுக்கு இத்தனை வெள்ளி, ஒலிபெருக்கிக்கு இத்தனை, தமிழ்நாட்டிலிருந்து வரும் டிவி நட்சத்திரத்துக்கு விமானச் சீட்டும் ஓட்டல் அறையும் சேர்த்து இத்தனை என்று எழுதுகிறீர்கள். உள்ளூர்ப் பையன் அரைமணி நேரம் வாசிக்க வருகிறேன் என்று கூலி கேட்டால், "உனக்கு நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும் தம்பி" என்று தோளில் தட்டுகிறீர்கள்.

அதே சொல்லை ஜெனரேட்டர்காரரிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். சொல்வதற்கு முன்னால் மெழுகுவர்த்தி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.